டிராகனின் பின்பாதி

காமிக்ஸ் கண்காட்சியில் மாறுவேடப் போட்டி. இருவர் சேர்ந்து அணியும் டிராகன் உடையில் கணக்காளர் தலை, அவர் மச்சான் வால்.

சாப்பாடு முடிந்து கணக்காளர் மறுபடி தலைக்குள் புகுந்தார். வால் அசைந்ததும் பேச ஆரம்பித்தார்.

“மச்சான், காய்ச்சல்னு லீவு சொன்னேன். எங்க மேனேஜர் அப்படியே நம்பிட்டாருடா!”

“ம்.”

“சரியான சிடுமூஞ்சி. காமிக்ஸ்னா கிலோ என்ன விலைன்னு கேப்பாரு!”

“ம்ம்.”

டிராகனுக்கே முதல் பரிசு. மேடையில் உடையைக் கழற்றியதும் பின்பாதியிலிருந்து வியர்க்க விறுவிறுக்க மேனேஜர் வெளியே வந்தார்.

கணக்காளர் டிராகன் தலையைக் கையில் பிடித்தபடி திரும்பினார். “சார்... நீங்களா? மச்சான் எங்கே?”

“நீ சாப்பிடப் போனப்ப அவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சாம், கிளம்பிட்டார். வாலுக்கு ஆள் வேணும்னு மைக்ல கேட்டாங்க. ஆசை யாரை விட்டுது?”

“சார், என் வேலை...”

“அதெல்லாம் அப்புறம். போட்டோ எடுக்க வர்றாங்க, அந்தத் தலையை இப்படிக் குடுய்யா! நான் ஆபீஸ்ல இருக்கேன்னு என் பொண்டாட்டி நம்பிட்டிருக்கா!”