கோயில் இல்லாத கரை

ஆற்றின் வலது கரையில் கோம் ஓம்போ என்னும் பழைய எகிப்தியக் கோயிலின் தூண்கள் மாலை வெயிலில் பழுத்து நிற்கின்றன. கப்பலின் மேல்தளத்துப் பயணிகள் அத்தனை பேரும் அந்தப் பக்கக் கம்பியில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள். ஈரத்துண்டுகள் பொறுக்க வந்த ஷாஸ்லி மட்டும் இடது பக்கம் நிற்கிறான். அங்கேதான் அவன் ஊர். இது திரும்பும் பயணம், கப்பல் இங்கே நிற்காது. அவனுக்கு லீவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மகள் பிறந்து இன்று ஏழாம் நாள். பேர் வைத்து, ஆற்றுத் தண்ணீரில் முகம் கழுவ அவன் மனைவி தஹாப் அவளைக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். பேரீச்சை மரங்களுக்கு நடுவே சூரியன் அவன் கண்ணைக் குத்துகிறது. கறுப்பாய் ஓர் உருவம், தலைக்கு மேல் தூக்கிய ஒரு சின்ன மூட்டை, அவ்வளவுதான் தெரிகிறது. முக்காட்டில் செருகிய போனில் பேசுகிறாள்; அவன் காதில் இயர்போன்.

"நபீஸா வாப்பா, தெரியுதா?"

அவனை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"தெரியுது புள்ள. மூக்கு அப்படியே ஒன்னுதுதான்."

"அட பொய்யா! நான் காட்டுறது அவ முதுகு." அவள் சிரிக்கிறாள். பிள்ளையைத் திருப்புகிறாள் போலிருக்கிறது, மூட்டை அசைகிறது. இஞ்சின் அதிர்வில் கம்பி அவன் கைக்குள் நடுங்குகிறது. கரை மெல்லப் பின்னால் போகிறது. "நபீஸா, அந்தா பாரு கப்பலு. எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, இதுல உன் வாப்பா யாரு?"

"மொகத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறவன்னு சொல்லு," என்கிறான் ஷாஸ்லி, ஈரத்துண்டைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடி.