பைக்குக் காவல்

காலை வெயில் ஆற்றின்மேல் கண் கூசும்படி கிடக்கிறது. ஊரே பாவத்தைக் கழுவிக்கொண்டிருக்க, இரண்டு நாள் ரயிலில் வந்த தையல்காரருக்கு மட்டும் இன்னும் கால் நனையவில்லை. பையை மடியில் இடுக்கிக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருக்கிறார். இதை யாரிடம் விட்டு இறங்குவது? முன்பு இந்தப் புண்ணிய நதிக்கு வந்த மூன்று தடவையும் பைக்குக் காவல் மனைவிதான். இவர் ஆசை தீர முங்கி எழுந்து, தலையைத் துவட்டிக்கொண்டே "வண்டிக்கு நேரமாச்சு, கிளம்பு" என்பார். அவள் ஒரு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். அவள் இறந்து ஒரு வருஷமாகிறது.

"ஐயா, இதையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று ஒரு குடும்பம் நான்கு பைகளையும் ஒரு மூக்குக்கண்ணாடியையும் அவர் பக்கத்தில் குவித்துவிட்டு இறங்குகிறது. தண்ணீரில் ஒரே சிரிப்பு. காற்றில் பறக்கப் பார்க்கும் அவர்களுடைய துண்டை இவர் கையால் அமுக்கிக்கொள்கிறார். இங்கே உட்கார்ந்து பார்த்தால் குளிக்கிறவர்களின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வந்த அந்த வீட்டுப் பெண், "நாங்க இருக்கோம். நீங்க போய் நிதானமா குளிச்சிட்டு வாங்க" என்கிறாள். வண்டி சாயங்காலம்தான். "இல்லம்மா, வண்டிக்கு நேரமாச்சு" என்கிறார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசிப் படிவரை இறங்குகிறார். குனிந்து, ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்கிறார்.