பிடிவிட்ட தழும்பு

அவன் சட்டையைக் கழற்றியதும் டாக்டரம்மா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

வலது விலாவில் தொடங்கித் தொப்புள் வரைக்கும் இறங்கியிருந்த பழைய தழும்பு வாய் பிளந்து கிடந்தது.

அவன் எங்கேயும் விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை. காலையில் பனியன் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

நடை பழகும் வயதில் முள்கம்பி வேலியில் விழுந்து கிழித்துக்கொண்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். என்றைக்கோ ஆறின புண் எப்படித் திறக்கும்?

துணைக்கு வந்த அம்மா சுவரோரம் நின்றாள்.

டாக்டரம்மா அவன் ஈறை அழுத்திப் பார்த்தார். ரத்தம் கசிந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

லாரிக்காரன் என்ன சாப்பிடுவான்? வயிற்றெரிச்சலுக்குப் பயந்து காய்கறிக்கும் பழத்துக்கும் முழுக்குப் போட்டுப் பல மாதமாகிறது. வழியெல்லாம் பன்னும் டீயும்தான்.

பஞ்சை நனைத்தபடி டாக்டரம்மா சொன்னார். உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன் உள்ளே ஓடும் இழைகளை, வெளியே இருக்கும் நார்வலையோடு கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். அந்த வலை இற்றுக்கொண்டே இருக்குமாம். உடம்பும் விடாமல் பின்னிக்கொண்டே இருக்குமாம். பழத்திலிருக்கும் சத்து இல்லாவிட்டால் பின்னல் நின்றுவிடும். செல்கள் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பழைய புண்தான் முதலில் பிடி விடும்.

அப்படியானால் இந்தப் புண் ஆறவே இல்லை. அவன் தூங்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், தன்னைத்தானே இழுத்து மூடிக்கொண்டே இருந்திருக்கிறது.



"மாத்திரையில சரியாயிடும், பயப்படாதீங்க" என்ற டாக்டரம்மா, விளக்கைக் கிட்டே இழுத்தார். புண்ணின் ஓரத்தை விரலால் தடவினார். அடிக்கோல் வைத்துக் கீறியதுபோல நேராக இருந்தது.

"வேலி கிழிச்சது இப்படி இருக்காதே. இது கத்தி வெச்சுப் பிரிச்சது."

"எதுலேர்ந்து பிரிச்சாங்களாம்?" அவன் சிரிக்கப் பார்த்தான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா கிட்டே வந்தாள். அவள் பார்த்தது புண்ணை அல்ல. அவனுக்கு வலப்பக்கம், யாருமே இல்லாத இடத்தை.

"ரெட்டையா ஒட்டிப் பொறந்தீங்க. ஈரல் ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் காணாதுன்னாங்க. யாரு வேணும்னு என்னையில்ல கேட்டாங்க."

முந்தானையால் அவன் விலாவை மெல்ல ஒற்றினாள்.

"நீ முழிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தே. அவன் நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தான்."