கொக்கு இல்லாத பக்கம்

தோகி இனிப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, தலைமை விருந்தாளியான சுமாகோவின் முன்னால் வைத்து வணங்கினாள். இருநூறு வருஷத்துக் கிண்ணம். கொக்கு வரைந்த முகப்பு விருந்தாளியைப் பார்த்திருக்க வேண்டும். இன்றோ வெறும் முதுகுதான் பார்த்தது.

சுமாகோவுக்குச் சுருக்கென்றது. நாலு பேர் முன்னால் இப்படி ஓர் அவமரியாதையா?

“ஏன் தோகி, இருபது வருஷமா தேநீர் விருந்து நடத்துற. கிண்ணத்துக்கு முகம் எது, முதுகு எதுன்னு இன்னுமா தெரியல?”

மற்ற விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“மன்னிச்சுக்கோங்கக்கா. இன்னைக்கு மட்டும் அப்படியே இருக்கட்டுமே” என்றாள் தோகி, தலை நிமிராமல்.

“அதெப்படி? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

சுமாகோ இரண்டு கைகளாலும் கிண்ணத்தைத் திருப்பினாள். கொக்கு வந்தது. அதன் தலைக்கு மேலே, விளிம்பில், நகத்தளவு இடம் பொன்பூச்சால் அடைக்கப்பட்டிருந்தது.

“அடடா, எப்ப உடைஞ்சது?” என்றாள் பக்கத்திலிருந்த நவோ.

“போன வருஷ விருந்து முடிஞ்சு கழுவறப்ப நான்தான் இடிச்சுட்டேன். உடைஞ்ச துண்டுதான் எங்க தேடியும் கிடைக்கல” என்ற தோகி, சுமாகோவின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

சுமாகோவின் முகம் காது மடல்வரை சிவந்தது. அந்தத் துண்டு அவள் வீட்டு அலமாரியில், காகிதத்தில் மடித்துக் கிடக்கிறது. போன வருஷம் அதைக் கிமோனோவின் கைக்குள் ஒளித்துக்கொண்டு, கிண்ணத்தின் முதுகு தோகியைப் பார்க்கும்படி திருப்பிக் கொடுத்தவள் அவள்தான்.

அன்று அதைக் கையில் வாங்கிக்கொண்ட தோகி, முறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.