ஆள் பார்க்காத வெந்நீர்

ஊட்டியின் அந்தக் குடியிருப்பில் குழாய்களுக்குக் கை தெரியும். வீட்டுக்காரர் கை நீட்டினால் வெந்நீர்; வேலை செய்ய வந்தவர் கை என்றால் பச்சைத் தண்ணீர்தான்.

பாத்திரம் துலக்கும் பொன்னுத்தாயின் விரல்கள் குளிரில் வெடித்தன. வீட்டுக்காரி ரெஜினா, பொன்னுத்தாய் தேடித் தந்த பழைய டிரம் ஒன்றில் ஹீட்டரையும், சூடு பார்க்கும் சென்சாரையும், நாற்பது டிகிரியில் கரண்ட்டை நிறுத்தும் ரிலேவையும் மாட்டினாள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஓடி வந்தார்.

"மேடம், இதுக்கு ஆள் தெரியாதா?"

"தெரியாது சார். சூடு மட்டும்தான் தெரியும்."

"கழட்டுங்க!"

"முடியாது."

மறுநாள் காலை குழாய் ரெஜினாவின் கைக்கும் பச்சைத் தண்ணீரையே ஊற்றியது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு டிரம்முக்கு வந்து பொன்னுத்தாயிடம் கேட்டாள்.

"அக்கா, பழைய டிரம் இன்னும் கிடைக்குமா? எல்லா வீட்டுக்கும் வைப்போம்."