முதல் ஓட்டம்

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நடுவில் பாய்மரப் படகு ஒருபக்கம் சாய்ந்ததும், தச்சர் பாயிஸ் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார்.

"சுக்கானத் திருத்தினவர் முதல் ஓட்டத்துல ஏறணும் பாஸ். அதுதான் பழக்கம்" என்று சிரித்தான் படகுக்காரன் சுதேஷ். அவன் சுக்கானை வெட்டித் திருப்பினான்.

"மெதுவா தம்பி, மெதுவா!"

"ஏன் பயப்படுறீங்க? நீங்க செஞ்ச வேலதானே? அஞ்சு வருசத்துக்கு அசையாதுன்னீங்க."

தெல்தெனியப் பக்கமிருந்து காற்று ஓங்கி அடித்தது. சுக்கான் கிறீச்சிட்டது. பாயிஸுக்கு நீச்சல் தெரியாது.

"அல்லாஹ்வுக்காகக் கரைக்குத் திருப்புங்க! உள்ளுக்கு எல்லாம் உக்கின பலக. மரத்தூளையும் பசையையும் அடச்சி, மேலால பெயின்ட் அடிச்சேன். இப்ப உடஞ்சிரும்!"

சுதேஷ் பதறவில்லை. நிதானமாகப் படகைக் கரைக்குத் திருப்பினான்.

"தெரியும் பாஸ். நேத்தே ஆணியால குத்திப் பார்த்தேன். சோத்துல எறங்குற மாதிரி எறங்கிச்சு."

"தெரிஞ்சுமா ஏறினீங்க?"

"உங்க சுக்கான் வீட்டுல கெடக்கு. இது வேற ஒருத்தர் செஞ்ச புதுசு. பச்சைப் பெயின்ட் மட்டுந்தான் ரெண்டுக்கும் ஒன்னு."

பாயிஸ் எட்டிச் சுக்கானை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பழக்கம்?"

"அது இன்னைக்கித்தான் ஆரம்பம் பாஸ்."