விடாத மஞ்சள் கோடு

சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், சாலை நடுவே மஞ்சள் கோடு விடாமல் ஓடினால், எமனே துரத்தினாலும் முன்னால் போகும் வண்டியைத் தாண்டக் கூடாது. விட்டுவிட்டு ஓடினால் தாண்டலாம். அறிவித்தவர் ஊராட்சியின் முன்னாள் தலைவர் எல்வுட். காலில் மாவுக்கட்டோடு முன்சீட்டில் கொலுவிருந்தார்.

ஓட்டியது அவர் மனைவி வெர்னா. அவர் கால் ஒடிந்த பிறகுதான் ஐம்பது தாண்டிய வயதில் கார் பழகி, போன வாரம் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். பின்சீட்டில் மகள் டெஸ்ஸா, பிரசவ வலியில் கதவுக் கைப்பிடியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கனடாவின் சஸ்காட்சுவன் கோதுமை வயல்களுக்கு நடுவே சாலை நூல் பிடித்தாற்போல் கிடந்தது. எதிரே ஈ, காக்கை இல்லை. முன்னால் மட்டும் ஓர் அகலமான லாரி, அதற்கப்பால் சாலையே தெரியாதபடி மறைத்துக்கொண்டு ஊர்ந்தது.

பழகின நாட்களில் இங்கே கோடு விட்டுவிட்டுத்தானே இருந்தது என்று முனகினாள் வெர்னா.

"ஒரு வாரத்து டிரைவருக்கு ஞாபகசக்தி வேறயா? கண்ணுக்கு முன்னால என்ன இருக்கோ அதான் சட்டம்."

லாரியின் பின்தட்டில் இருந்த ஆள் கையை ஆட்டினான். அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவருக்கும் கையாட்டாமல் போவது மரியாதை இல்லை. எல்வுட் பதிலுக்கு ஆட்டினார். அவன் எழுந்து நின்று இரண்டு கையாலும் ஆட்டினான். நல்ல பண்புள்ள குடும்பத்துப் பிள்ளை என்று எல்வுட் சான்றிதழ் கொடுத்தார்.

"அம்மா, என்னால முடியல. தாண்டிப் போயிடும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. கோடு இப்ப விட்டுடும்."

தாண்டிவிடட்டுமா என்று வெர்னா கணவரிடம் கெஞ்சினாள். தலைவர் வீட்டு வண்டியே சட்டத்தை மீறியது என்று நாளைக்குக் காபிக் கடையில் பேச வேண்டுமா என்று கேட்டார் அவர். கோடு விடவில்லை. மைல் மைலாக, பளபளவென்று, பிசிறில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

டெஸ்ஸா வீறிட்டாள். வெர்னா ஹாரனை அழுத்தினாள், கையை எடுக்கவே இல்லை. லாரி நின்றது. கையாட்டிய ஆள் குதித்து ஓடிவந்தான். எத்தனை நேரமாகத் தாண்டிப் போகச் சொல்லிக் கை காட்டுவது, கண் தெரியாதா என்று திட்டிக்கொண்டே வந்தவன், பின்சீட்டைப் பார்த்ததும் குனிந்து கண்ணாடியைத் தட்டினான்.

வெர்னா கண்ணாடியை இறக்கினாள்.

"என் பொண்ணுக்கு ரோட்டிலேயே பிள்ளை பொறந்துடும்ப்பா. இந்தக் கோடு எங்கதான் முடியும்?"

"பெயிண்ட் தீர்ற இடத்துலம்மா. போட்டுக்கிட்டே போறது நாங்கதானே."